அரிகாவிலிருந்து இக்கிகே வரை: சிலியின் எரிமலை மேட்டுநிலச் சாலையில் வண்டி ஓட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

சிலி நாட்டின் வடகோடியில், பசிபிக் கரையிலுள்ள அரிகாவில் புறப்பட்டு, புத்ரே, லௌகா தேசியப் பூங்கா, சூரிரே உப்புப் படுகை, இஸ்லூகா எரிமலை, கொல்ச்சானே ஆகியவற்றைக் கடந்து, மீண்டும் கடற்கரையிலுள்ள இக்கிகேவுக்கு இறங்கும் பாதைக்கான வழிகாட்டி இது. இடையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு மண் சாலைதான். அதில் பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. அங்கே பெட்ரோல் பங்க் இல்லை, கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை, பஞ்சர் ஒட்டவும் ஆள் இல்லை.

முதல்முறை ஓட்டியபோது நான் தடுக்கி விழுந்த இடங்களையும், பின்னர் உடன் வந்த புதியவர்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் வைத்தே கீழுள்ள வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். மேலே போய் வண்டி நின்றது, ஆள் படுத்தது என்று கேள்விப்பட்ட கதைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், அரிகாவில் செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டதுதான்.

1. திசையை முதலில் முடிவு செய்யுங்கள்

வடக்கிலிருந்து தெற்காக, அதாவது அரிகாவில் தொடங்கி இக்கிகேவில் முடிப்பதே நல்லது. காரணம் புத்ரே. 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் தங்கும் விடுதிகளும் கடைகளும் சிறிய மருத்துவ மையமும் உண்டு. உடம்பு உயரத்துக்குப் பழக இரண்டு நாள் உட்கார அதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பாதையில் வேறு இல்லை. அங்கே உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தார்ச்சாலையிலேயே சில மணி நேரத்தில் கடல்மட்டத்துக்கு இறங்கிவிடலாம்.

தெற்கிலிருந்து வருபவர்கள் ஒரே நாளில் கடற்கரையிலிருந்து 3,700 மீட்டரைத் தாண்டிய கொல்ச்சானேவுக்கு ஏறி, மறுநாளே அதைவிட உயரமான மண் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். வசதி குறைவான ஊரில் தங்கி, பழகாத உடம்போடு கடினமான பகுதியை முதலில் சந்திப்பது என்ன கணக்கு என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் ஏற்றவை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை, குறிப்பாக ஜனவரியிலும் பிப்ரவரியிலும், பெயரில் குளிர்காலமும் உண்மையில் கோடை மழையுமான ‘மேட்டுநிலக் குளிர்காலம்’ வரும். அமேசான் பக்கத்து ஈரக்காற்று பிற்பகல்களில் இடியும் மழையுமாகக் கொட்டும்; காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மாலையில் வண்டியை இழுத்துச் செல்லும் அளவுக்குப் பெருகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு 15 டிகிரி கீழேயும் போகக்கூடும்.

3. வண்டியையும் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்தே பாருங்கள்

டர்போ பொருத்திய டீசல் பிக்கப், நான்கு சக்கர இயக்கம், தரையிலிருந்து நல்ல உயரம்: இவை மூன்றும் வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கும். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், 100 குதிரைத்திறன் கொண்ட சிறிய காரில் அங்கே மிஞ்சுவது 55 அளவு மட்டுமே. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய அந்தக் கார், மணல் கலந்த ஏற்றத்தில் முதல் கியரிலேயே முனகும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். மண் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பது முதலாவது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை காப்பீட்டில் வருமா என்பது இரண்டாவது, பெரும்பாலும் வருவதில்லை. மூன்றாவது பலரும் பார்க்காமல் விடுவது: காற்றில் கதவு பறந்து மடங்கினால் யார் பொறுப்பு? மேட்டுநிலத்தில் பிற்பகல் காற்று அவ்வளவு வேகமாக வீசும். முதல் பயணத்தில், பின்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு யோசிக்காமல் கதவைத் திறந்தேன். கைப்பிடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், கீல் வளைந்து, அன்று முழுவதும் கதவு சரியாக மூடாமல் தூசி உள்ளே வந்துகொண்டிருந்தது. வாடகைக்கு விட்டவர்கள் அதற்கான முழுத்தொகையையும் என் கணக்கில்தான் எழுதினார்கள். அதிலிருந்து, வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறக்கிறேன்.

வண்டியைப் பெறும்போதே கீழே குனிந்து பாருங்கள். முழு அளவிலான ஸ்டெப்னி இரண்டு வேண்டும், ஏனெனில் எரிமலைக் கற்களின் கூரிய விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும், அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது. ஜாக்கியையும் சக்கர ஸ்பேனரையும் அங்கேயே எடுத்து ஒரு நட்டைக் கழற்றிப் பாருங்கள். இயந்திரத்தால் இறுக்கப்பட்ட நட்டு கையால் அசையாது என்பதை 4,200 மீட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டே கண்டுபிடிப்பது வேதனை. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சதுரப் பலகையும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மணலில் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது.

ரேடியேட்டரில் உறைதடுப்பான் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடற்கரை ஊர்களில் வெறும் தண்ணீரே போதும் என்பதால் யாராவது அப்படி நிரப்பியிருக்கலாம். அந்தத் தண்ணீர் மேலே ஓரிரவில் உறைந்து விரிந்து எஞ்சினை உடைத்துவிடும்.

4. தாள்கள்

இந்திய ஓட்டுநர் உரிமத்தின் அசலும், ஊரிலேயே போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைக்காதீர்கள். பாதை பொலிவியா எல்லையை ஒட்டியே போவதால், குறிப்பாகக் கொல்ச்சானேயைச் சுற்றி, காவலர்களோ ராணுவத்தினரோ நிறுத்திக் கேட்பார்கள். ஊர்களுக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடு இது. நகரத்தில் அது பழகிவிடும். ஆளரவமற்ற மண் சாலையில் இரண்டு மணி நேரம் எதிரே ஒரு வண்டியும் வராமல் ஓட்டிய பிறகு, திடீரென்று ஒரு லாரி எதிர்ப்படும்போது கை தன்னிச்சையாக இடப்பக்கம் திருப்பும். பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டே வரட்டும்.

5. எரிபொருளைத் தாளில் கணக்கிடுங்கள்

அரிகாவிலிருந்து புத்ரே ஏறத்தாழ 145 கி.மீ.; புத்ரேயிலிருந்து சூரிரே வழியாகக் கொல்ச்சானே 230; கொல்ச்சானேயிலிருந்து இறங்கி உவாரா, அங்கிருந்து இக்கிகே வழியிலுள்ள போசோ அல்மோன்டே ஊர் வரை 195 அளவில். இடையில் சுங்காரா ஏரிக்குப் போய்வர 110, சுற்றிப் பார்க்க 50 என்று வைத்தால் மொத்தம் 730. புத்ரேயில் சில வீடுகளில் கேனில் எரிபொருள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கணக்கில் சேர்க்காதீர்கள். நம்பத்தக்க அடுத்த பங்க் போசோ அல்மோன்டே.

ஏற்றமும் மணலும் தாழ்ந்த கியரும் சேர்ந்து, தார்ச்சாலையில் லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பிக்கப்பை 9-க்கு இறக்கிவிடும். 730-ஐ 9-ஆல் வகுத்தால் 81 லிட்டர், 80 லிட்டர் டாங்கின் கொள்ளளவைவிட அதிகம். ஆகவே 20 லிட்டர் கேன் இரண்டு கட்டாயம். ‘ஒன்று போதுமே’ என்பவர்கள் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள்: சூரிரேக்குத் தெற்கே ஓர் ஓடை தடுத்துவிட்டால், வந்த வழியே அரிகா வரை திரும்ப வேண்டும். அந்தக் கணக்கு 800 கி.மீ.யைத் தொடுகிறது.

கேனை நிரப்பும்போது அதைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பிக்கப்பின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தபடி நிரப்பினால், அந்த வறண்ட காற்றில் நிலைமின்னூட்டம் சேர்ந்து பொறி பறக்கக்கூடும். விளிம்புவரை நிரப்பாமல் சற்று இடம் விடுங்கள். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் தலையணைபோல் உப்புவதைப் பார்ப்பீர்கள். கேனுக்கும் அதுவே நடக்கிறது. புத்ரேயில் எஞ்சினை அணைத்துவிட்டு, முகத்தை விலக்கி, மூடியைக் கால் திருகு மட்டும் திருகுங்கள். ‘உஸ்’ என்ற ஓசை முழுவதும் அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும்.

கேனை ஆட்கள் இருக்கும் பக்கம் வைக்கவே கூடாது. எரிபொருள் ஆவியால் வரும் தலைவலியும் குமட்டலும், உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் ஒன்றுபோல் இருக்கும். எதனால் வந்தது என்று தெரியாமல் தவறான முடிவெடுப்பீர்கள்.

6. புத்ரேயில் இரண்டு இரவு

பயணத்தில் மிகவும் முக்கியமான படி இதுதான். பெரும்பாலானோர் குறைத்துக்கொள்வதும் இதையேதான்.

3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. அரிகாவிலிருந்து புத்ரேக்கு ஏறுவதே அந்த விதியை மீறித்தான், ஏனெனில் பாதை யூதா பள்ளத்தாக்கை விட்டதும் தங்குவதற்கு இடமின்றி நெடுக ஏறுகிறது. அப்படி மீறியதற்கான ஈடே புத்ரேயில் செலவிடும் இரண்டாவது இரவு. இதைத் தவிர்த்து, காலையில் அரிகாவில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு மதியம் 4,500 மீட்டரில் இருக்கும் சுங்காரா ஏரிக்கரையில் நின்ற ஒரு குழுவில் நானும் இருந்திருக்கிறேன். ஐவரில் மூவர் ஏரியைப் பார்க்கவே இல்லை. பின்னிருக்கையில் தலையைப் பிடித்தபடி கிடந்தார்கள்.

ஏறும் நாளில் மெதுவாக ஏறுங்கள். தூண்கள்போல் நிற்கும் கள்ளிகள் தென்படும் பகுதியிலும், 3,000 மீட்டர் அளவில் இருக்கும் கொப்பாகியா கோட்டையருகிலும் அரை மணி நேரம் நிறுத்தலாம். புத்ரே சேர்ந்த பிறகு பெட்டி தூக்குவது, ஊரைச் சுற்றுவது, மது அருந்துவது எதுவும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிடாமல் சூப், ரொட்டி என்று முடித்துக்கொண்டால் இரவு மூச்சு சீராக இருக்கும்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டிய மருந்து அது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல்நுனி மரத்துக் குறுகுறுப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அதன் இயல்பான விளைவுகள், பயப்பட வேண்டியதில்லை. புத்ரேயில் எல்லா விடுதியிலும் கோகா இலைத் தேநீர் நீட்டுவார்கள். குடிப்பது உங்கள் விருப்பம், இலையை மட்டும் நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுவந்து வம்பில் மாட்டாதீர்கள்.

இரண்டாம் நாள் காலை ஒவ்வொருவரையும் சோதியுங்கள். லேசான தலைவலி, பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவை வழக்கமானவை. ஆனால் தரையில் ஒரு கோட்டின் மேல், ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரல்நுனியில் வைத்து வைத்து நடக்கச் சொல்லும்போது தள்ளாடுபவர், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், ஈரமான இருமல் உள்ளவர் ஆகியோர் மேலே போகக்கூடாது. உடனே அரிகாவுக்கு இறக்க வேண்டும். ‘மதியம் வரை பார்க்கலாம்’ என்பது இங்கே செல்லாது.

7. சுங்காராவுக்கு ஒரு வெள்ளோட்டம்

இரண்டாம் நாளில், உடம்பு ஒத்துழைத்தால், மண் சாலைக்குப் போகுமுன் தார்ச்சாலையிலேயே சுங்காரா ஏரி வரை போய்த் திரும்புங்கள். உயரத்தில் பகலைக் கழித்துத் தாழ்வில் தூங்குவது உடம்புக்குப் பழக்கம் தரும். வண்டி 4,500 மீட்டரில் எப்படி மூச்சுவிடுகிறது என்பதும் தெரிந்துவிடும். 6,300 மீட்டரைத் தாண்டிய பரினகோத்தா எரிமலையின் பனிக்கூம்பு ஏரிக்கு மேலே நேர் எதிரில் நிற்கும், ஆகவே இந்த நாள் வீணாகப் போவதில்லை.

இந்தத் தார்ச்சாலையின் ஆபத்து லாரிகள். பொலிவியாவின் சரக்குகள் அரிகா துறைமுகத்துக்கு இறங்குவதும் ஏறுவதும் இதே வழியில்தான். ஏறும் லாரி நடக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதை முந்த, கடல்மட்டத்தில் ஆகும் தொலைவைப்போல் இருமடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டி உடனே பாயாது. வளைவுக்குமுன் முந்த நினைக்காதீர்கள். இறங்கும்போது நீலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிய பழக்கமே போதும்: எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்குவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் விட்டு விட்டு அழுத்துவது.

8. புறப்படும் நாள்: நேரமும் டயரும்

மூன்றாம் நாள் விடியற்காலை. புத்ரேயிலிருந்து கொல்ச்சானே 230 கி.மீ.தான், ஆனால் நிறுத்தங்களோடு ஒன்பது மணி நேரம் எடுக்கும். மாலை நான்கு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று திட்டமிடுங்கள். பிற்பகலில் காற்று எழும், ஓடைகள் பனி உருகிப் பெருகும், பொழுது சாயும்போது வெயில் கண்ணாடியில் நேராக அடித்துப் பள்ளத்தை மறைக்கும்.

சூரிரேயில் கூடாரம் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். முதல்முறை வருபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. புத்ரேயில் தூங்கிய உடம்பை 4,200 மீட்டரில் தூங்கவைப்பது ஒரே இரவில் 700 மீட்டர் தாவுவதாகும். நள்ளிரவில் யாருக்காவது மூச்சு முட்டினால், எந்தப் பக்கம் போனாலும் தாழ்வான இடத்தை அடையப் பல மணி நேரம் ஆகும். வழக்கமான மலைகளில் ‘கீழே இறங்கு’ என்பது கைக்கெட்டும் மருந்து. இங்கே முழு மேட்டுநிலமும் ஒரே உயரத்தில் பரந்து கிடப்பதால் அந்த மருந்து எளிதில் கிடைக்காது. நேராகக் கொல்ச்சானே போனால் தூங்கும் உயரம் 200 மீட்டருக்குச் சற்றே அதிகமாகக் கூடும், அவ்வளவுதான். தவிர, 4,200 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது.

புத்ரேயில் காவல் நிலையத்தில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். எந்த வழி, எத்தனை பேர், எந்த வண்டி, எப்போது கொல்ச்சானே சேர்வோம் என்று எழுதிக் கொடுங்கள். தெற்கே ஓடைகளின் நிலையையும் கேளுங்கள். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்காவது எடுத்துவந்திருந்தால் அதையும் இங்கேயே சோதித்துவிடலாம்.

டயர் அழுத்தத்தை இப்போது குறைக்க வேண்டும். அரிகாவில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெளியழுத்தம் குறைவதால் 4,500 மீட்டரில், வெப்பம் மாறாவிட்டால், 38-ஐக் காட்டும். காலைக் குளிர் அதில் நான்கைந்தைக் குறைத்துவிடும், ஆனால் வெயில் ஏறியதும் டயர் கல்லாகிவிடும். கல்லான டயர் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் துள்ளும், எளிதில் கிழியும். தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, குளிர்ந்த டயரில் 26 அளவுக்கு இறக்குங்கள். இறக்கியதை மீண்டும் ஏற்ற, வண்டியின் மின்சாரத்தில் ஓடும் காற்றுப் பம்ப் இருப்பது உறுதியான பிறகே இதைச் செய்ய வேண்டும்.

9. சாலையின் முகத்தைப் படியுங்கள்

லௌகா பூங்காவுக்குள் தெற்கே பிரியும் ஏ-235 சாலையில் நுழைந்ததும், குவாயாதிரி ஊர் வரை ஒரு விதமும் சூரிரே சுற்றி வேறு விதமுமாகத் தரை மாறிக்கொண்டே இருக்கும். நான்கு வகைகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

முதலாவது, உள்ளூரில் கலாமினா எனப்படும் அலையலையான தரை. தகரக் கூரைபோல் குறுக்கே வரி வரியாக இருக்கும். 20 கி.மீ. வேகத்தில் பல் ஆடும். 60-ஐத் தொட்டால் சக்கரம் அலை முகடுகளின் மேலேயே மிதந்து ஆட்டம் அடங்கும். புதியவர்கள் இங்கேதான் மயங்குகிறார்கள். ஆட்டம் அடங்கியது சக்கரம் தரையைப் பாதி நேரமே தொடுவதால்தான். அந்த நிலையில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேட்காது. நேர்ப்பகுதியில் மிதக்கலாம், வளைவு தென்படும்போதே ஆக்சிலேட்டரை விட்டு 30-க்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் வண்டியின் பின்பகுதி சுழன்று முன்னால் வரும்.

இரண்டாவது சூஸ்கா, மாவுபோன்ற நுண்தூசி. மேற்பரப்பு சமமாகத் தெரியும், அடியில் முழங்கால் ஆழப் பள்ளம் இருக்கும். நிறம் சற்று வெளிறி, டயர் தடங்களின் விளிம்பு கூராக இல்லாமல் சரிந்து கிடந்தால் அது சூஸ்கா. நுழையுமுன் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றி, ஒரே வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல் கடந்துவிட வேண்டும்.

மூன்றாவது போஃபெதால், ஊற்றுநீர் ஊறும் பசும்புல் திட்டு. லாமாக்களும் அல்பாக்காக்களும் மேயும் அந்தப் பச்சை மெத்தை பார்க்க உறுதியாக இருக்கும். சக்கரம் ஏறினால் அச்சு வரை இறங்கும். அங்கே வாழும் அய்மாரா மக்களின் மேய்ச்சலே அதுதான் என்பதால், படம் எடுப்பதற்காகக்கூட ஒரு சக்கரத்தை அதில் வைக்காதீர்கள்.

நான்காவது, மிகவும் ஏமாற்றுவது, உப்புப் படுகையின் விளிம்பு. சூரிரேயின் கரையில் வெள்ளை ஓடு வெயிலில் கெட்டித்துக் கிடக்கும். ஃபிளமிங்கோக்களை நெருங்கிப் பார்க்க ஐம்பது மீட்டர் உள்ளே ஓட்டினால் ஓடு உடைந்து, அடியிலிருக்கும் சாம்பல்நிறச் சேறு வண்டியைக் கவ்வும். அந்தச் சேறு காய்ந்தால் சிமென்ட். இறங்கி நடங்கள், தொலைநோக்கியில் பாருங்கள்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் முதல் விதி, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இருப்பது. ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழப்படுத்தும். டயர் அழுத்தத்தை 18 வரை இறக்கி, நான்கு சக்கரத்தின் பின்னாலும் மண்வெட்டியால் சரிவு வெட்டி, ஃபோர் லோ (நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்நிலை) கியரில் வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். மண்ணை ஒருவர் பத்து வீச்சு வெட்டியதும் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். 4,200 மீட்டரில் அதற்கு மேல் வீம்பு காட்டியவர் வெளிறிப்போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

10. ஓடைகள்

கடக்குமுன் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். எதிர்க்கரையில் டயர் தடம் ஏறியிருக்கிறதா? அடி தெரிகிறதா? தெரியாவிட்டால் செருப்பு மாட்டிக் கோல் ஊன்றி நடந்து பாருங்கள். நடக்க முடியாத இழுப்பில் வண்டியை விடக்கூடாது. முழங்கால் அளவே எல்லை. ஃபோர் லோ, முதல் கியர், நடக்கும் வேகம், நடுவில் கிளட்ச்சை மிதிக்காமை: இவ்வளவே. வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் காற்று வடிகட்டி வழியாக எஞ்சினுக்குள் போகும், அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அழுத்தி உலர்த்துங்கள். காலையில் ஓரத்தில் பனிக்கட்டி இருந்தால், அதை முதலில் காலால் உடைத்துவிடுங்கள், அதன் விளிம்பு டயரை அறுக்கும்.

11. லாரியும் விலங்கும்

சூரிரேயிலிருந்து போரேட் தாது ஏற்றிய லாரிகள் ஏ-235 வழியே வடக்கே போகும். தொலைவில் தூசித்தூண் எழுந்தால் அது லாரி. வலப்பக்கம் ஒதுங்கி நின்று, கண்ணாடியை ஏற்றி, தூசி அடங்கும்வரை காத்திருங்கள். தூசிக்குள்ளேயே பின்னால் இன்னொரு லாரி வரும் என்று எப்போதும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

லாமாவின் காட்டு உறவான விக்கூன்யாக்கள் குடும்பமாகத் திரிபவை. ஒன்று சாலையைக் கடந்தால் கூட்டம் முழுவதும் கடக்கும், கடைசியில் காவலாக வரும் ஆண் சற்றுப் பின்தங்கி வரும். ‘போய்விட்டது’ என்று வண்டியை எடுக்கும்போது அதுதான் மோதும். காதில் வண்ணக் கம்பளிக் குஞ்சம் கட்டிய லாமாக்கள் யாரோ ஒரு வீட்டின் சொத்து. ஹார்ன் அடித்து விரட்டாதீர்கள்.

12. சூரிரேக்குத் தெற்கே வழி பிசகாமல்

படுகையின் தென்கிழக்கு மூலையில் பொயோகேரே வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஊற்றுக்கண் பக்கம் சுடும், தள்ளித் தள்ளிப் போனால் குளிக்கும் சூடு வரும். கைவைத்துப் பார்த்தபின் இறங்குங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சூடான நீரில் நெடுநேரம் கிடந்து எழுந்தால் இந்த உயரத்தில் தலை சுற்றும், வண்டி ஓட்டுபவருக்கு அது ஆகாது.

இதற்குப் பிறகு சாலை மெலிந்து, பல இடங்களில் இரண்டு தடங்களாகப் பிரியும். கிழக்கே போகும் தடங்கள் சில எல்லைச் சாவடி எதுவுமின்றிப் பொலிவியாவுக்குள் நுழைந்துவிடும். அப்படி நுழைவது சட்டவிரோதம், வாடகை வண்டிக்கு அனுமதியும் கிடையாது, காப்பீடும் செல்லாது. ஆகவே கைப்பேசியில் இணையமின்றி ஓடும் வரைபடத்தை அரிகாவிலேயே பதிவிறக்கி, பாதையை அதில் வரைந்து வைத்திருக்க வேண்டும். பிரிவு வரும்போது அதிகம் பேர் போன தடத்தை நம்பாமல் வரைபடத்தை நம்புங்கள். புகை கக்கும் இஸ்லூகா எரிமலை அருகே வந்து, கீழே என்கெல்கா ஊரின் வீடுகள் தெரிந்தால் வழி சரி.

13. கொல்ச்சானேயிலிருந்து இறக்கம்

கொல்ச்சானேயில் காலையில் முதல் வேலை டயருக்குக் காற்று ஏற்றுவது. மேலே 26 காட்டிய டயர், உவாராவின் 1,100 மீட்டருக்கு இறங்கும்போது வெளியழுத்தம் கூடுவதால் 22-க்குச் சுருங்கும். அந்தத் தொய்வோடு தார்ச்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ‘கஷ்டமான பகுதி முடிந்தது’ என்ற நினைப்பில் இதை மறப்பவர்களே அதிகம். மேலேயே 36 வரை ஏற்றி, உவாராவில் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

சாலை உடனே இறங்கிவிடாது. மீண்டும் 4,000 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகே சரியத் தொடங்கும். நீண்ட சரிவு, வெறுமையான பாலைவனம், களைப்பு மூன்றும் சேர்ந்து தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் ஓட்டுநரை மாற்றிக்கொள்ளுங்கள். உவாராவுக்குச் சற்றுமுன், ஒற்றைக் குன்றின் சரிவில் கீறப்பட்ட பெரிய மனித உருவம் இருக்கிறது. கால் நீட்ட நிற்க நல்ல இடம்.

போசோ அல்மோன்டேயில் டாங்கை நிரப்பியதும் கையோடு வண்டியின் அடிப்பகுதியை நீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். சூரிரேயின் உப்பு பிரேக் குழாய்களிலும் சேசிஸ் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கும். கடற்கரையின் ஈரம் பட்டதும் அது துருவாக மாறத் தொடங்கும். கழுவிய பின் நான்கு பக்கமும் அடியும் படம் எடுத்து, தேதி தெரியும்படி வைத்துக்கொண்டு, அதன்பின் இக்கிகே இறக்கத்தில் இறங்குங்கள். அங்கே மாலையில் கமன்சாக்கா எனும் கடல்மூடுபனி சாலையை மூடும், தாழ்ந்த கற்றை விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போங்கள்.